முகப்பருவும் மணிலாக்கொட்டையும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

கல்லூரி ஆண்டு மலர் என்றால் அதில் நாட்டுப்பற்று இருக்கும். தாய்மையின் சிறப்பு இருக்கும். இலக்கியத்தில் நிலவு இருக்கும். இவற்றை என்னைவிட நயமாக எழுதக்கூடியவர்கள் நம் கல்லூரியில் பலர் உளர். ஆகவே நான் முகப்பருவை எடுத்துக்கொண்டேன். நண்பர்கள் நகைக்க வேண்டாம். இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதே எத்தனை கைகள் தாமாகக் கன்னத்துக்குப் போகும் என்பதை நான் அறிவேன். 12 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஓர் அளவில் பரு வருகிறது என்பது தோல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இத்தனை பேரைப் பிடிக்கும் ஒன்றைப் பற்றி நம் வகுப்பறையில் ஒரு சொல்லும் இல்லை. விடுதித் திண்ணையிலும் பேருந்திலும் ஓயாத பேச்சு. அந்தப் பேச்சில் பெரும்பகுதி தவறு என்பதும், அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள் நம்மைப் போன்ற எளிய வீட்டுப் பிள்ளைகள் என்பதும் என் கருத்து.

எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். ஒன்றரை ஏக்கர் மானாவாரி. மற்ற மாவட்டத்து நண்பர்கள் வேர்க்கடலை என்றும் நிலக்கடலை என்றும் சொல்வதை நாங்கள் மணிலாக்கொட்டை என்போம். வாய்ப்பேச்சில் அது மல்லாட்டை. விதைத்து, களையெடுத்து, பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து விற்ற அந்த மல்லாட்டைக் காசில்தான் நான் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்படிப்பட்ட வீட்டில், விடுமுறைக்குப் போனால் என் தாயாரே சொல்கிறார்: “மல்லாட்டையத் தொடாதடா, மூஞ்சியப் பாரு!” அம்மா மட்டுமா? முடி திருத்துபவர் சொல்கிறார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் சொல்கிறார். கல்லூரி எதிரே உள்ள தேநீர்க் கடைக்காரர், குவளையில் மூன்றாவது கரண்டிச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே, “கடலையை நிறுத்து தம்பி, தானா போயிடும்” என்கிறார். அவர் கையில் இருந்த கரண்டியை அவரும் கவனிக்கவில்லை. சுற்றி நின்றவர்களும் கவனிக்கவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கரண்டியைப் பற்றியதுதான் என்று சொன்னாலும் தகும்.

என் அறைத் தோழன் ஒருவன். என்னைவிட அவனுக்குப் பரு அதிகம். முதலாண்டில் யாரோ சொன்னார்கள் என்று மணிலாக்கொட்டையை விட்டான். பிறகு முட்டை சூடு என்று அதையும் விட்டான். விடுதியில் முட்டை போடும் நாளில் தன் முட்டையை என் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவான். ஆறு மாதம் இந்த நோன்பு நடந்தது. முகம் அப்படியே இருந்தது, உடம்புதான் இளைத்தது. கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவன் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். காலையும் மாலையும் சர்க்கரை தூக்கலாகத் தேநீரும் அதில் நனைத்துத் தின்ன ஒரு பன்னும் மட்டும் தவறாமல் நடந்தன. அவற்றை யாரும் தடை செய்யவில்லை. வகுப்பு நிழற்படம் எடுத்த நாளில் அவனுக்குத் தலைவலி வந்துவிட்டது. அந்தத் தலைவலியின் பெயர் என்ன என்று எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

எண்ணெய்ப் பொருளைத் தின்றால் எண்ணெய் முகத்தில் வழியும் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. வேதியியல் மாணவன் அப்படி நம்பிவிட முடியாது. நாம் உண்ணும் கடலை எண்ணெய் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு. குடலில் லைப்பேஸ் என்னும் நொதி அதைப் பிரிக்கிறது. உடல் அதை எரிக்கிறது அல்லது சேமிக்கிறது. முகத்தில் கசியும் எண்ணெயோ தோலுக்குள் இருக்கும் சீபச் சுரப்பி தானே காய்ச்சி எடுப்பது. அதில் ஏறத்தாழ 26 விழுக்காடு மெழுகு எஸ்டர்; 12 விழுக்காடு ஸ்குவாலீன். கடலைச் செக்கில் ஆட்டிய எண்ணெயின் கலவை இதுவன்று. அந்தச் சுரப்பியை முடுக்கிவிடுவது ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர். இது ஆண், பெண் இருபாலாரிடமும் உண்டு. பருவ வயதில் அது பெருகுகிறது. சுரப்பி எண்ணெயைக் கூடுதலாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் அடைத்துக்கொள்கின்றன. உள்ளே குடியிருக்கும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் நுண்ணுயிர் அடைபட்ட எண்ணெயில் செழிக்கிறது. உடல் அதை எதிர்க்க, சிவந்து வீங்குகிறது. கரும்புள்ளியின் கறுப்பு அழுக்குமன்று. மெலனின் நிறமியும் காற்றுப்பட்ட கொழுப்பும் சேர்ந்த நிறம் அது. ஆகவே ஒரு நாளைக்கு ஆறு முறை சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்கள் தோலைத்தான் புண்ணாக்குகிறார்கள்.

அப்படியானால் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லையா? நெடுங்காலம் மருத்துவர்கள் இல்லை என்றுதான் சொன்னார்கள். அதற்குக் காரணமான ஆய்வு 1969இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 65 பேர், அவர்களில் 30 பேர் பருவ வயதினர், 35 பேர் சிறைக் கைதிகள். நான்கு வாரம் சாக்லேட் கட்டி, நான்கு வாரம் சாக்லேட் இல்லாத கட்டி என்று கொடுத்துப் பார்த்தார்கள். பருவில் வேறுபாடு இல்லை. உணவு குற்றமற்றது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள்தாம் கவனித்தார்கள்: சாக்லேட் இல்லாத கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தன! குற்றவாளியை இரண்டு கூண்டிலும் நிறுத்திவிட்டு இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று சொன்ன கதை இது. ஆய்வகத்தில் வெற்றுச் சோதனை ஏன் செய்ய வேண்டும், அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று நம் பேராசிரியர்கள் வலியுறுத்துவதன் பொருள் இதைப் படித்தபோது எனக்கு நன்றாக விளங்கியது.

பிறகு 2002இல் மற்றொரு செய்தி வந்தது. பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவா என்னும் தீவில் 1200 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 300 பேர் 15 முதல் 25 வயதுக்காரர்கள். ஒருவர் முகத்திலும் பரு இல்லை. அவர்கள் உணவு கிழங்கு, பழம், தேங்காய், மீன். தேங்காய் எண்ணெய்ப் பொருள் அன்றோ! சர்க்கரையும் மாவுப் பண்டமும்தாம் அங்கே இல்லாதவை. பரம்பரையும் காரணமாக இருக்கலாம் என்று எதிர்வாதம் எழுந்தது, நியாயமான வாதமே. ஆனால் 2007இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 43 இளைஞர்களை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குச் சர்க்கரையை மெதுவாக இரத்தத்தில் ஏற்றும் உணவு. மறு பிரிவுக்கு வழக்கமான மாவுச்சத்து உணவு. 12 வாரத்தில் முதல் பிரிவில் ஒருவருக்குச் சராசரியாக 23.5 பருக்கள் குறைந்தன. மற்றவர்களுக்கு 12 குறைந்தன.

இந்த இரண்டாவது எண்ணை நண்பர்கள் மறக்கக் கூடாது. வழக்கம்போல் உண்டவர்களுக்கும் 12 பரு குறைந்தது! பரு தானாக ஏறும், தானாக இறங்கும். இறங்கும் வாரத்தில் நாம் எதைத் தடவிக்கொண்டிருந்தோமோ, எதை விழுங்கிக்கொண்டிருந்தோமோ அதற்குப் புகழ் போய்ச் சேர்கிறது. ஏறும் வாரத்தில் எதைத் தின்றோமோ அதற்குப் பழி. மணிலாக்கொட்டை சிக்கியது இப்படித்தான் என்பது என் எண்ணம்.

காரணம் இப்படிச் சொல்கிறார்கள்: சர்க்கரை இரத்தத்தில் விரைந்து ஏறினால் இன்சுலின் விரைந்து சுரக்கிறது, அதனுடன் இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணி ஒன்றும் கூடுகிறது, இவை ஆண்ட்ரோஜனையும் எண்ணெய்ச் சுரப்பியையும் தூண்டுகின்றன. எந்த உணவு எவ்வளவு விரைவாகச் சர்க்கரையை ஏற்றும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 1981இல் கனடாவின் டொரன்டோ நகரில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் வகுத்த கிளைசீமிக் குறியீடு அது. குளுக்கோசுக்கு 100. வெள்ளைச் சோறும் மைதா ரொட்டியும் பெரும்பாலும் 70க்கு மேல். கொண்டைக்கடலை 30க்குப் பக்கம். மணிலாக்கொட்டை? 14! பட்டியலின் அடியில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. அதில் நாலில் ஒரு பங்கு புரதம் வேறு. பத்து ரூபாய்க்கு இதைவிட நல்ல சத்து நம் கல்லூரி வாசலில் கிடைக்குமா? கிடைக்காது. இதைத்தான் ஊர் கூடி விடச் சொல்கிறது. பன்னையும் தேநீர்ச் சர்க்கரையையும் யாரும் விடச் சொல்வதில்லை.

சோற்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். விடுதியில் சோற்றைத் தவிர வேறு என்ன இருக்கிறது? சிறுதானியம் உண்ணுங்கள், பழங்கள் உண்ணுங்கள் என்று எழுதுபவர்கள் விடுதி வரிசையில் தட்டோடு ஒருநாள் நின்று பார்க்கட்டும். நம்மால் முடிந்தது சிறிது. தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்கலாம். பன்னுக்குப் பதில் சுண்டலோ வேகவைத்த கடலையோ தின்னலாம். சோற்றை ஒரு கரண்டி குறைத்துப் பருப்பையும் கீரையையும் ஒரு கரண்டி கூட்டிக் கேட்கலாம். வண்ணக் குளிர்பானத்தை விடலாம். அதில் நாக்குக்கு மகிழ்ச்சி உண்டு என்பதை மறுக்கவில்லை.

பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 47,355 செவிலியர்களிடம், பள்ளி நாளில் எவ்வளவு பால் குடித்தீர்கள், பரு இருந்ததா என்று கேட்டு 2005இல் வெளியிட்டார்கள். பால் அதிகம் குடித்தவர்களிடம் பரு சற்று அதிகம். கொழுப்பு நீக்கிய பாலில் அது கூடத் தெரிந்தது. இது நினைவிலிருந்து சொன்ன செய்தி. காரணத்தை இது நிறுவிவிடாது. நம் தேநீரில் விழும் பாலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் நண்பர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கும் வே புரோட்டீன் பொடி பாலிலிருந்து எடுப்பதுதான். அதைத் தின்னத் தொடங்கியபின் பரு கிளம்பியதும், நிறுத்தியபின் தணிந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. டப்பாவின் மேல் படத்தில் இருப்பவர் முகம் வழவழப்பாக இருக்கிறது. அது அச்சுக்கூடத்தின் கைவண்ணம்.

மாத்திரைகளுக்கு வருகிறேன். உதவித்தொகை வந்த வாரத்தில் மருந்துக்கடையில் நம் மாணவர் கூட்டத்தைக் காணலாம். துத்தநாகம், அதாவது சிங்க் மாத்திரை, முற்றிலும் பொய்யன்று. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 332 பேருக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். துத்தநாகம் தின்றவர்களில் 31.2 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. மினோசைக்ளின் என்னும் மருந்து உண்டவர்களில் 63.4 விழுக்காட்டினருக்கு. ஆக, கொஞ்சம் பயன். ஆனால் அளவுக்கு மீறி மாதக்கணக்கில் தின்றால் குமட்டும். உடலில் செம்புச் சத்தும் குறைந்துபோகும். 100 கிராம் மணிலாக்கொட்டையில் 3 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விட என்னால் முடியவில்லை. பயோட்டின் மாத்திரையால் பரு போகும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. பி12 அதிகமானால் சிலருக்குப் பரு போன்ற கொப்புளங்கள் புதிதாகக் கிளம்பும். முகம் பொலிவு பெறும் என்று சத்து ஊசி போட்டுக்கொள்பவர்கள் இதை அறிய வேண்டும். வைட்டமின் ஏ மாத்திரையைத் தாமாக அள்ளித் தின்பது கல்லீரலுக்கு ஆபத்து. அதன் வழிவந்த ஐசோட்ரெட்டினோயின் 1982 முதல் கடுமையான பருவுக்குப் பயன்பட்டு வரும் வலிமையான மருந்து. கருவுற்ற பெண் உட்கொண்டால் குழந்தைக்குப் பெருங்குறை உண்டாகும். அதைத் தோழி கொடுத்தாள் என்று விழுங்கலாமா?

பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. ஜாதிக்காயைக் கல்லில் இழைத்துப் போடுகிறோம். திருநீற்றுப்பச்சிலைச் சாறு தடவுகிறோம். வேப்பிலை, கஸ்தூரி மஞ்சள், பயத்தமாவு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று. எரிச்சல் தராதவரை தடவிக்கொள்ளுங்கள், அம்மாவின் மனமும் நிறையும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் மட்டும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கறுத்துப்போகும். பற்பசை பல்லுக்குச் செய்தது.

உண்மையான தீங்கு இயற்கை வைத்தியத்தில் இல்லை. அது ஒரு சிறு குழாயில் இருக்கிறது. என் பெரியம்மா மகளுக்கு 19 வயது. ஜவுளிக்கடையில் வேலை. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய நேரத்தில் முகத்தில் பரு. உடன் வேலை செய்யும் பெண் ஒரு வெள்ளைக் களிம்பைச் சொல்ல, கடையில் சீட்டில்லாமலே கொடுத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் பரு அமுங்கியது, நிறமும் வெளுத்தது. வீடே மகிழ்ந்தது. மூன்றாம் மாதம் அடுப்பு முன் நின்றால் முகம் தீயாய் எரிந்தது. வெயிலில் கால் வைக்க முடியவில்லை. கன்னத்தில் நரம்பு சிவப்பாய்த் தெரிந்தது. நிறுத்தினால் முன்னைவிட மும்மடங்கு பரு. அந்தக் களிம்பில் இருந்தது பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு. இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு ஆணையிட்டது. ஆணை ஏட்டில் இருக்கிறது. களிம்பு கடைப்பலகையில் இருக்கிறது. அக்காள் தங்கை உள்ள நண்பர்கள் இன்றே வீட்டுக்குப் பேசி, எந்தக் குழாயைத் தடவுகிறார்கள், அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்க ஓர் ஆள் வீட்டில் வேண்டும் என்றுதானே நம்மைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்?

அவளை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றவன் நான். புறநோயாளிச் சீட்டுக்குக் காசில்லை. தோல் நோய்ப் பிரிவில் இருந்த அம்மையார் அவளிடம் முதலில் கேட்டது, “என்ன தடவுன?” என்பது. அடுத்தது, “மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?” பரு விடாமல் இருந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போய், தாடையில் முடியும் வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறாக இருக்கலாம் என்று விளக்கினார். மாணவியர் இதை வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன். பிறகு என் முகத்தையும் பார்த்தார். “டாக்டர், மல்லாட்டை சாப்பிடலாமா?” என்றேன். சிரித்துவிட்டார். “உங்க ஊர்ப் பயிராச்சே, நல்லா சாப்பிடு தம்பி. டீயில சக்கரையக் கொறச்சுக்க. பருவைக் கிள்ளாத, குழி விழும்.”

எனக்கு அவர் எழுதிக் கொடுத்தது 2.5 விழுக்காடு பென்சாயில் பெராக்சைடு. பாலிமர் தயாரிப்பில் வினையைத் தொடங்கி வைக்கும் பொருள் என்று நம் பாடத்தில் வருகிறதே, அதே பென்சாயில் பெராக்சைடு! தோலில் அது சிதைந்து உண்டாக்கும் தனி உறுப்புகள் பருக் கிருமியைக் கொல்கின்றன. 10 விழுக்காடு களிம்பும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யும், எரிச்சல்தான் கூடுதல் என்றார். ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார். உணவை மட்டும் மாற்றிக்கொண்டு ஆழமான கட்டிப் பருவோடு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு நிலையான குழிகள்தாம் மிஞ்சும். அவர்கள் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். சர்க்கரையைக் குறைப்பது துணை. அதற்குமேல் அதன் தலையில் சுமத்தக் கூடாது.

பேராசிரியப் பெருமக்களிடமும் விடுதிக் காப்பாளர் ஐயாவிடமும் இரண்டு வேண்டுகோள். ஆண்டுக்கொரு முறை நம் கல்லூரியில் கண் பரிசோதனை முகாம் நடக்கிறது. அதனோடு ஒரு தோல் மருத்துவரையும் அழைக்க வேண்டும். விடுதியில் மாலைத் தேநீரோடு கொடுக்கும் பன்னுக்குப் பதிலாக, வாரத்தில் மூன்று நாளாவது சுண்டலோ வேகவைத்த மணிலாக்கொட்டையோ கொடுக்க வேண்டும். இதற்கான விண்ணப்பத்தில் எங்கள் அறை வரிசையில் 41 பேர் கையொப்பம் இட்டிருக்கிறோம். முதல் கையொப்பம் என் அறைத் தோழனுடையது. அவன் இப்போது தன் முட்டையைத் தானே தின்கிறான். அந்த வகையில் எனக்கு நட்டம்தான்.

பென்சாயில் பெராக்சைடு வாங்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி: அது துணியை வெளுத்துவிடும். இரவில் தடவிக்கொண்டு படுப்பவர்கள் தலையணையின் மேல் பழைய வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.